ஆய்வில் சேர்வதா, வழக்கமான சிகிச்சையா: களுவாஞ்சிகுடி வீட்டில் போட்ட கணக்கு

பெரியம்மாவின் மூத்த மகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று பயொப்சி ரிப்போர்ட் வந்த கிழமை, களுவாஞ்சிகுடியில் அவருடைய வீட்டு விறாந்தையில் பதினொரு பேர் கூடியிருந்தோம். அக்காவுக்கு வயது 52. கட்டி கருப்பைக் கழுத்தைத் தாண்டி அருகிலுள்ள திசுவுக்குள் போயிருந்தது, ஆனால் இடுப்புச் சுவரைத் தொடவில்லை. இரண்டாம் நிலையின் பிற்பகுதி என்றார் டொக்டர். ஒப்பரேஷனால் பயனில்லை, ரேடியேஷனும் கீமோவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

கனடாவிலிருந்து மகன் போனில் வந்தான். "அம்மா, சென்னையில் ஒரு ட்ரயல் நடக்குதாம். புது மருந்தாம்." அவன் சொல்லி முடிக்கவில்லை, மாமா எழும்பிவிட்டார். "என்ட மருமகள எலியாக்கப் போறீங்களா?" அத்தானுக்குக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம அரச புற்றுநோய் ஆஸ்பத்திரியே போதும் என்று பட்டது. இன்னொருவர் காணியை ஈடு வைத்தாவது வேலூருக்குக் கொண்டுபோவோம் என்றார். அந்தக் காணியும் நாங்கள் இருந்த வீடும் அக்காவின் பேரில் இருப்பவை, எங்கள் பக்கத்தில் வழமைபோல. அக்காவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிரவு தொடங்கி மூன்று கிழமை நான் வாசித்தேன், கேட்டேன், எழுதி வைத்தேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதே விறாந்தைப் பேச்சு நடக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த தங்கச்சி.

முதலில் ஒரு பிழையான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு பக்கத்தில் "சிகிச்சை", மறுபக்கத்தில் "ட்ரயல்", அதாவது நோயாளிகளில் புதிய சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு, என்று இரண்டு கதவுகளைக் கற்பனை செய்துகொண்டிருந்தோம். புற்றுநோய்க்கான மூன்றாம் கட்ட ஆய்வுகள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இன்றைக்கு எது நல்ல சிகிச்சையோ அதை இரண்டு பிரிவினருக்கும் கொடுப்பார்கள். ஒரு பிரிவுக்கு அதோடு புதியது ஒன்றைச் சேர்ப்பார்கள், அல்லது பழையதில் ஒன்றை மாற்றிப் பார்ப்பார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலக் கணினி தீர்மானிக்கும். டொக்டரும் தெரிவு செய்ய முடியாது, நாங்களும் முடியாது.

கீநோட் ஏ18 என்ற ஆய்வை எடுத்துப் பாருங்கள். நோய் சற்று முற்றிய 1,060 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ரேடியேஷனும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் கிடைத்தன. ஒரு பாதிக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து, மறுபாதிக்கு அதைப் போலவே தோன்றும் மருந்தில்லாத ஊசி. மூன்று ஆண்டுகள் கழிந்தபோது முதற்பிரிவில் 82.6 வீதமானோரும் இரண்டாம் பிரிவில் 74.8 வீதமானோரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் பிரிவுக்குப் போன பெண்ணும் வைத்தியம் இல்லாமல் விடப்படவில்லை. இதை மாமாவுக்கு விளங்கப்படுத்த இரண்டு நாள் பிடித்தது. விளங்கிய பிறகு அவருடைய குரல் தணிந்தது.

முதற்கட்ட ஆய்வு வேறு சங்கதி. எந்த அளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் அதன் முதல் நோக்கம், குணமாக்குவது அல்ல. வேறு வழிகள் முடிந்துபோனவர்கள் எண்ணிப் பார்க்கலாம். முதன்முறையாக நோய் கண்ட, குணமாகும் வாய்ப்புள்ள ஒரு பெண் அதற்குப் போகக்கூடாது. யாராவது "ட்ரயல்" என்று சொன்னால் எத்தனையாம் கட்டம் என்பதை முதற்கேள்வியாகக் கேளுங்கள்.

சரி, புதியது என்றால் நல்லது என்று ஆகிவிடுமா? ஆகாது என்பதற்கு பெண்களின் புற்றுநோயிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அகற்றுவதற்குப் பதிலாகச் சிறு துளைகள் வழியாக அகற்றும் முறை உலகெங்கும் பரவியிருந்தது. தழும்பு சிறியது, வீட்டுக்கும் கெதியாகப் போகலாம். அதையும் பழைய முறையையும் 631 பெண்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பழைய முறையில் 96.5 வீதம், சிறுதுளை முறையில் 86 வீதம். பாதுகாப்பைக் கண்காணித்த குழு இந்த வேறுபாட்டைக் கண்டு, ஆட்சேர்ப்பை இடையிலேயே நிறுத்தச் சொன்னது. எல்லோரும் நல்லது என்று நம்பிச் செய்துகொண்டிருந்த ஒன்று, ஆய்வு செய்ததால்தான் பிடிபட்டது. புது முறைப் பக்கம் சீட்டு விழுந்த பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்கள் சேர்ந்திராவிட்டால் இன்னும் எத்தனையோ பெண்களுக்கு அதே முறை தொடர்ந்து செய்யப்பட்டிருக்கும்.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இந்த நோய்க்கு ரேடியேஷனும் கீமோவும் என்றால், கிழமைக்கு ஐந்து நாளாக ஐந்து கிழமை வெளியிலிருந்து கதிர், கிழமைக்கு ஒரு முறை சிஸ்பிளாட்டின், அதன் பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர். இவை எல்லாம் ரேடியேஷன் தொடங்கிய நாளிலிருந்து எட்டுக் கிழமைக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும். இழுபட்டால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. இந்த 56 என்ற எண்ணைத்தான் வீட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு தெரிவையும் ஒரே கேள்வியால் அளந்தோம்: இந்த வழியில் போனால் 56 நாளுக்குள் எல்லாம் முடியுமா?

என் கணக்கில் இதுதான் முதலாவது. எந்த மருந்து புதியது, எந்த ஊர் பெரியது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பாதியில் நிற்கும் புதிய சிகிச்சையைவிட நேரத்துக்கு முடியும் வழக்கமான சிகிச்சை மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

நாட்டுக்குள்ளேயே செய்வது என்றால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவும் மகரகம அபேக்‌ஷாவும். அரச வைத்தியசாலை, சிகிச்சைக்குக் காசில்லை. செலவெல்லாம் வழியில்தான். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் கொழும்புக் கோட்டை, அங்கிருந்து பஸ்ஸில் மகரகம. அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தாருக்கு இதுகூட எளிதல்ல. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல், அம்பாறைக்கு ரயிலும் இல்லை. ஆகவே "போய்ப் போய் வருவோம்" என்று நினைக்காதீர்கள். ரேடியேஷன் நடக்கும் கிழமைகளில் நோயாளி அந்த ஊரிலேயே தங்க வேண்டும். கூட ஒரு பெண்துணை வேண்டும், சிங்களம் ஓரளவு பேசத் தெரிந்தவராக இருந்தால் பாதிப் பாரம் குறையும். டொக்டரிடம் நேரே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது: வெளிக்கதிர் எங்கே, எந்தத் திகதியில் தொடங்கும், உட்கதிர் எங்கே, எந்தக் கிழமையில், இடையில் மெஷின் பழுதானால் எங்கே அனுப்புவீர்கள். முகம் சுளிப்பார்களோ என்று நாங்கள் பயந்தோம். ஒருவரும் சுளிக்கவில்லை.

இந்தியாவுக்குப் போய்க் காசு கட்டிச் செய்வது அடுத்தது. 1954இல் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் வேலூர் சிஎம்சியும் எங்கள் ஊரார் நாவில் எப்போதும் இருக்கும் பெயர்கள். தமிழிலேயே பேசலாம், விளங்காததைத் திரும்பவும் கேட்கலாம். அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் இரண்டாம் நிலையிலுள்ள இந்த நோய்க்கு அங்கே கொடுப்பதும் இதே சிஸ்பிளாட்டின், இதே ரேடியேஷன்தான். விசா, டிக்கற், ஒன்றரை இரண்டு மாத வாடகை என்று காணியை ஈடு வைத்து வாங்கப்போவது பெரும்பாலும் நேரத்தைத்தான். இங்கே தொடங்க மாதக்கணக்கில் பிந்தும் என்றால் அது பெறுமதியான விலை. இங்கே இரண்டு மூன்று கிழமையில் தொடங்கலாம் என்றால் காணி காணியாகவே இருக்கட்டும் என்பேன்.

மூன்றாவது, மகன் சொன்ன ஆய்வு. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளை அந்த நாட்டு அரசின் பதிவேட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அது 2007இல் தொடங்கியது. 2009 ஜூனுக்குப் பிறகு பதியாமல் ஆய்வு நடத்த இடமில்லை. இலங்கைக்கும் ஒன்று இருக்கிறது, 2006 முதல் இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துகிறது. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், தேடுங்கள். இலக்கம் இல்லாத ஆய்வு ஆய்வே இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு தரகர் போன் எடுத்தார். யாரோ உறவினர் கொடுத்த நம்பர். "ட்ரயல்ல இடம் எடுத்துத் தாறன், ஐந்து இலட்சம் முதல்ல போடுங்க" என்றார். அக்காவின் மகன் கனடாவில் அந்தக் காசைத் திரட்டத் தொடங்கிவிட்டான். பதிவு இலக்கம் கேட்டேன். "அதெல்லாம் உள்ளுக்க போன மறுகா தருவாங்க" என்றார். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. நடத்துகிறவர்தான் செலவழிக்க வேண்டும். இடம் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவன் பிள்ளை, அம்மாவுக்காக எதையும் செய்வான். அந்த அன்பை வைத்துத்தான் இப்படியானவர்கள் பிழைக்கிறார்கள்.

உண்மையான ஆய்வாக இருந்தாலும் தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மேலே சொன்ன பெம்ப்ரோலிசுமாப் ஆய்வில் முதல் ஐந்து ஊசி மூன்று கிழமைக்கு ஒன்று, பிறகு பதினைந்து ஊசி ஆறு கிழமைக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் இரண்டு ஆண்டு. களுவாஞ்சிகுடியிலிருந்து இரண்டு ஆண்டு சென்னைக்குப் போய்வர எத்தனை குடும்பத்தால் முடியும்? இடையில் ஒரு இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியின் இரவு டொக்டருக்கு அந்த மருந்து பழக்கமாக இருக்குமா? நோயெதிர்ப்பு மருந்துகளின் பக்கவிளைவு கீமோவின் பக்கவிளைவு போல இருக்காது, வைத்தியமும் வேறு. ஆய்வில் சேர்கிறவர் மருந்தின் பெயரும் ஆய்வு டொக்டரின் நம்பரும் எழுதிய அட்டையைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். எந்தச் செலவை அவர்கள் தருவார்கள், பயணத்துக்குத் தருவார்களா, வெளிநாட்டுக்காரரைச் சேர்ப்பார்களா என்று டிக்கற் போடுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும்.

சேர்ந்தவருக்கு உரிமைகளும் உண்டு. எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு. இங்கே மருந்து ஆய்வுகளுக்கு, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் ஓர் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

ஆனால் உரிமை கடதாசியில் இருந்து கைக்கு வர, கடதாசி விளங்க வேண்டும். பல ஆண்டுக்கு முன் என் அம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா நர்ஸ் மிஸ்ஸைப் பார்த்தார், அப்பா கையெழுத்து வைத்தார். அம்மாவின் உடம்புக்கு அப்பாவின் கையெழுத்து. அது ஆய்வு அல்ல, சாதாரண ஒப்பரேஷன்தான். இருந்தாலும் அந்தக் காட்சி எனக்குள் இன்னும் ஆறவில்லை. ஆய்வு என்று வந்தால் தமிழில் எழுதிய விளக்கத்தாள் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க அவகாசம் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வாசித்துக் காட்ட வேண்டும். தாளில் கர்ப்பம், மாதவிடாய், குடும்பக்கட்டுப்பாடு பற்றிய கேள்விகளும் வரும். மருமகனும் மாமாவும் சுற்றி நின்றால் எந்தப் பெண்ணும் பதில் சொல்லமாட்டாள். அந்த நேரம் ஆண்கள் வெளியே நிற்கட்டும்.

எலி என்று மாமா சொன்ன சொல்லுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை என்ற ஊரை மையமாக வைத்து 2000ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுவரையான கிராமத்துப் பெண்கள் சுமார் 80,000 பேர். ஒரு பகுதி ஊர்களில் வினிகர் போன்ற அசற்றிக் அமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். மற்ற ஊர்களில் வழமையாக இருந்தது மட்டுமே. 2007இல் வந்த முடிவு: சோதித்த ஊர்களில் இந்த நோயால் இறப்பு 35 வீதம் குறைவு. விலை குறைந்த ஒரு சோதனை உயிர் காக்கும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் அந்தத் தமிழ்ப் பெண்கள். சோதிக்கப்படாத ஊர்களில் இறந்த பெண்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? இந்த வகை ஆய்வுகளைப் பற்றி அந்தக் கேள்வியைப் பலர் கேட்டார்கள், கேட்டது சரி. "புதிய சிகிச்சைப் பிரிவில் என் சீட்டு விழாவிட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்பதுதான் கையெழுத்துக்கு முன் ஒரு பெண் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வி. "இன்றைக்கு இருப்பதில் நல்ல சிகிச்சை" என்று பதில் வந்தால் மேலே பேசலாம். "ஒன்றுமில்லை" என்று வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

நாலாவது வழி ஒன்று இருக்கிறது. எங்கள் விறாந்தையில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை: ஆய்வில் சேராமலே ஆய்வின் பலனைக் கேட்டு வாங்குவது. இன்டர்லேஸ் என்ற ஆய்வில் பிரித்தானியா, மெக்சிக்கோ, இந்தியா, இத்தாலி, பிரேசில் நாடுகளின் 500 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ரேடியேஷனும் கீமோவும். மறுபிரிவுக்கு அதற்கு முன் ஆறு கிழமை, கிழமைக்கொரு முறை கார்போபிளாட்டினும் பக்லிடாக்சலும். ஏழாம் கிழமை ரேடியேஷன் தொடங்கிவிடும். 2024இல் வந்த முடிவு: ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 வீதம், வழக்கமான பிரிவில் 72 வீதம். இரண்டும் பழைய மருந்துகள், விலை குறைந்தவை, மட்டக்களப்புக் கீமோ வார்ட்டில் மற்றப் புற்றுநோய்களுக்குப் பழக்கமானவை. இதற்குச் சென்னைக்கும் போகத் தேவையில்லை, சீட்டும் குலுக்கத் தேவையில்லை. ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. இரத்த அணுக்கள் குறையும். ரேடியேஷன் ஏழாம் கிழமை நிச்சயமாகத் தொடங்கும் என்றால்தான் இந்த ஆறு கிழமைக்கு அர்த்தம். இடைவெளி விழுந்தால் கைக்கு வந்தது நழுவிவிடும். ஆகவே "இது எனக்குப் பொருந்துமா டொக்டர்?" என்று கேட்பதுதான் முறை.

சூலகப் புற்றுநோய் உள்ளவர்களின் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே பிஆர்சிஏ என்ற மரபணுவில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வேறுபாட்டைத் தருகிறது. அந்தப் பிழை உள்ள, கீமோ முடித்து நோய் அடங்கிய 391 பெண்களில் ஒலாபரிப் மாத்திரையைச் சோதித்தார்கள். ஏழு ஆண்டு கழித்து மாத்திரை எடுத்தவர்களில் 67 வீதமும் எடுக்காதவர்களில் 46.5 வீதமும் உயிரோடு இருந்தார்கள். மாத்திரை என்பதால் வீட்டிலிருந்தே எடுக்கலாம், தூரத்தின் பாரம் குறைவு. இப்படியான ஆய்வு கிடைத்தால் நான் சேரச் சொல்வேன். மகள்மாரும் சகோதரிகளும் தங்களைச் சோதிப்பதா என்று யோசிக்கவும் அந்தப் பரிசோதனை வழி காட்டும்.

நோய் திரும்பி வந்தவர்களுக்கும் தராசு மாறும். வழக்கமானதில் மிச்சம் அதிகம் இல்லாதபோது தூரத்தையும் அலைச்சலையும் தாங்கிப் போவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் நாட்களையும் அதே தராசில் வைக்க வேண்டும். அந்த நாட்களின் பாரத்தை நோயாளிதான் சொல்லலாம், நாங்கள் சொல்ல ஏலாது.

கடைசியில் அக்காவைக் கேட்டோம். ஒரு பின்னேரம், கிணற்றடியில், நானும் அவரும் மட்டும். எழுதி வைத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சென்னை ஆய்வின் பதிவு இலக்கம் கிடைத்திருந்தது. உண்மையான ஆய்வு, மூன்றாம் கட்டம். ஆனால் அடுத்த நோயாளியைச் சேர்க்க இரண்டு மாதம் பிந்தும் என்று பதில் வந்திருந்தது. இங்கே ரேடியேஷன் பதினெட்டு நாளில் தொடங்கலாம் என்று திகதி கொடுத்திருந்தார்கள். அந்த ஆறு கிழமைக் கீமோவைப் பற்றியும் டொக்டரிடம் கேட்டிருந்தோம். அக்காவின் சிறுநீரக ரிப்போர்ட்டையும் இரத்த அளவையும் பார்த்துவிட்டு, உங்களுக்கு நேரே ரேடியேஷன்தான் நல்லது என்று காரணத்தோடு விளக்கியிருந்தார்.

அக்கா கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வைகாசிச் சடங்குக்கு முதல் முடியுமா புள்ள?" என்று கேட்டார். கலண்டரைக் கொண்டுவந்து எண்ணினோம். முடியும்.

மகரகமவுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். நானும் என் மச்சாளும் கிழமை மாறி மாறி நின்றோம். இடையில் இரண்டு நாள் மெஷின் நின்றது, ஒரு கிழமை இரத்தம் குறைந்து கீமோ தள்ளிப்போனது. கடைசி உட்கதிர் முடிந்தது 53ஆம் நாள். சடங்கு நிறைவுறும் குளிர்த்தி அன்று அக்கா கண்ணகை அம்மன் கோயில் வாசலில் கதிரையில் இருந்தார், எழும்பி நிற்கும் பலம் இன்னும் வரவில்லை. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சென்னை ஆய்வின் இலக்கத்தைத் தன் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஸ்கேன் ஆவணியில்.